ஓமந்தூராரின் சட்டமும் ஔவை இல்லத்தின் வாசலும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் என்னும் சிற்றூர், ஒரு மனிதரின் பெயரோடு பிரிக்க இயலாதவாறு தமிழக வரலாற்றில் இணைந்துவிட்டது. 1895ஆம் ஆண்டு அவ்வூரில் உழவர் குடும்பமொன்றில் பிறந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கினார். நாடு விடுதலை பெற்ற நாளில் இம்மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பு அவர் கையில்தான் இருந்தது. பதவியைத் துறந்த பின் வடலூரில் தங்கி, வள்ளலாரின் பெயரால் கல்விப் பணியிலும் ஆதரவற்றோர் பணியிலும் தம்மை ஈடுபடுத்திக்கொண்டு, 1970இல் மறைந்தார்.

அவருடைய ஈராண்டு ஆட்சியைப் பற்றி எழுதுவோர் மூன்று செயல்களைத் தவறாமல் குறிப்பிடுவர். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவுகளைத் திறந்த 1947ஆம் ஆண்டுச் சட்டம். ஜமீன்தாரி முறையை ஒழித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம். 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்ட மதுவிலக்கு. இவற்றோடு நான்காவதாக ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிடப்படுவது அது. பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடைசெய்த, 1947ஆம் ஆண்டின் 31ஆம் சட்டமே அது.

அச்சட்டத்தைச் சமய சீர்திருத்தமாகவோ பெண் விடுதலையின் ஒரு படியாகவோ காண்பது வழக்கம். அவை இரண்டும் உண்மையே. ஆயினும் அதனை வேறொரு கோணத்திலும் காணலாம். பெற்றோரும் பாட்டியும் உற்றாரும் கூடி, மேளதாளத்தோடு, நல்ல நாள் பார்த்து, ஒரு சிறுமியின் வாழ்வை அவள் அறியாமலேயே முடிவுசெய்வதை அச்சட்டம் குற்றம் என்றது. வீட்டுக்குள் நடப்பது வீட்டார் விவகாரம் என்றிருந்த ஒரு சமுதாயத்தில், குழந்தையின் பொருட்டு அரசு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்த வரலாறு அது. இன்று குழந்தைகள் நலம், குடும்ப வன்முறை என்றெல்லாம் பேசும் நாம் அவ்வரலாற்றிலிருந்து கற்க வேண்டியவை பல.

வழக்கம் சுமையான கதை

கோயிற்பணிப் பெண்டிர் தொடக்கத்தில் இழிவாக நடத்தப்பட்டவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. ஆடலும் பாடலும் அறிந்த, எழுத்தறிவும் சொத்துரிமையும் பெற்ற பெண்கள் நம் நாட்டில் மிகச் சிலராய் இருந்த காலங்களில், அவர்களுள் இவர்கள் முதன்மையாய் இருந்தனர்.

அரசர்கள் மறைந்தனர். கோயில் மானியங்கள் சுருங்கின. கலையைப் போற்றிய கைகள் காலப்போக்கில் பெண்ணை விலைபேசும் கைகளாயின. இறைவனுக்கு மணமுடிக்கப்பட்டவள் என்ற பெயர் நீடித்தது. உண்மையில் அவள் ஒரு செல்வரின் ஆதரவில் வாழ வேண்டியவளானாள். அவ்வருவாயை நம்பித் தாயும் பாட்டியும் தம்பிமாரும் பிழைத்தனர். ஆண் வாரிசு இல்லாத வீடு, கடனில் மூழ்கிய வீடு, நோய் நீங்கினால் மகளைத் தருவதாக நேர்ந்துகொண்ட வீடு, முதுமையில் சோறு போட யாருண்டு என்று அஞ்சிய கிழவியின் வீடு ஆகிய எல்லா வீடுகளின் கவலையும் ஒரு சிறுமியின் கழுத்தில் பொட்டாக ஏறியது.

இங்கு நாம் நிதானிக்க வேண்டும். பொட்டுக்கட்டிய தாய்மார் அனைவரும் கொடியவர் அல்லர். தன் மகளுக்கு ஒரு வாழ்வு அமைத்துவிட்டதாகவே பலர் நம்பினர்; அவர்களும் அதே வயதில் அதே முறையில் கட்டப்பட்டவர்களே. தனக்கு நேர்ந்த துன்பத்தைத் துன்பமென்று சொல்லப் பழகாத ஒருவர், அதனைத் தம் பிள்ளைக்குச் சீதனமாகத் தந்துவிடுகிறார். குடும்பத் துயரங்களை ஆராய்வோர் இன்று திரும்பத் திரும்பச் சொல்லும் உண்மை இதுவே. துன்புறுத்தும் கை பல வேளைகளில் முன்பு துன்புற்ற கையாகவே இருக்கிறது. இதனை உணர்வது குற்றத்தை மன்னித்து விடுவதாகாது. குற்றம் எங்கிருந்து ஊற்றெடுக்கிறது என்பதை அறிவதாகும்.

திருவிவிலியம் படிப்போருக்கு இப்தாவின் மகள் நினைவுக்கு வருவாள். போரில் வெற்றி கிட்டினால், தன் வீட்டு வாயிலிலிருந்து முதலில் எதிர்வருவதைப் பலியாக்குவேன் என்று தந்தை நேர்ந்துகொண்டான். மேளம் கொட்டி ஆடிக்கொண்டு முதலில் வந்தவள் அவனுடைய ஒரே மகள். நேர்ந்தவன் தந்தை, விலை கொடுத்தவள் மகள். நீதித் தலைவர்கள் நூல் அச்செயலைப் புகழவில்லை. இஸ்ரயேலின் பெண்மக்கள் ஆண்டுதோறும் நான்கு நாள் அவளுக்காகப் புலம்பினர் என்பதை மட்டும் பதிவுசெய்கிறது. பெரியோரின் வாக்குறுதிக்கும் மானத்துக்கும் பிள்ளைகள் விலையாவது எந்த ஒரு சமயத்தாருக்கும் மட்டும் உரிய குறை அன்று.

இருபது ஆண்டுப் போராட்டம்

சென்னை மாகாணம் 1920ஆம் ஆண்டிலேயே குழந்தைகள் சட்டம் ஒன்றை இயற்றியது. இந்திய மாகாணங்களுள் இதில் முந்தியது சென்னையே. குற்றம் புரிந்த சிறுவரைச் சிறையிலிருந்து பிரித்து வைக்கவும், ஆதரவற்ற பிள்ளைகளைக் காக்கவும் அச்சட்டம் வழி செய்தது. எனினும் தெருவில் நின்ற பிள்ளையை அது கண்டதுபோல், வீட்டுக்குள் இருந்த பிள்ளையைக் காணவில்லை.

அப்பிள்ளையைச் சட்டமன்றத்துக்கு அழைத்து வந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர்; அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். மருத்துவப் பட்டம் பெற்று, சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் நிறுத்த வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற செல்வாக்குமிக்க தலைவர்கள் மரபின் பெயரால் எதிர்த்தனர். 1929இல் அவருடைய முயற்சியால் நிறைவேறிய திருத்தம், கோயிற்பணிக்கு ஈடாக அப்பெண்கள் அனுபவித்த மானிய நிலங்களைப் பணியின் பிணைப்பிலிருந்து விடுவித்தது. நிலம் போய்விடுமே என்ற அச்சத்தால் அடுத்த தலைமுறையைக் கட்டிவைக்க வேண்டிய தேவை அதனால் குறைந்தது. தடைச் சட்டத்துக்கான மசோதாவோ நிறைவேறாமல் நின்றது. 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் தம் பதவியைத் துறந்தார்.

மன்றத்துக்கு வெளியே மற்றொரு பெண்மணி உழைத்தார். அவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். குடும்பத்தைத் தாங்க இயலாத வறுமையில், சிறுமியாய் இருந்தபோதே ஒரு தாசி குடும்பத்தினிடம் ஒப்படைக்கப்பட்டவர். அவ்வாழ்வை மறுத்து வெளியேறி, ஊர் ஊராய்ச் சென்று பேசினார். 1936இல் அவ்வழக்கத்தின் உள்ளறைகளைக் காட்டும் ஒரு நாவலையும் வெளியிட்டார். வீட்டின் துயரத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் வெளியே வந்து சாட்சி சொல்லும்போதுதான் சமுதாயம் செவிசாய்க்கிறது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

எதிர்த்தவர்களுள் தேவதாசிப் பெண்களும் இருந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய கலைஞர்கள் அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னாகும், எங்களைக் கேளாமல் எங்கள் தலையெழுத்தை மாற்றலாமா என்பதே அவர்கள் கேள்வி. அக்கேள்விக்கு அக்காலத்தில் நிறைவான விடை தரப்படவில்லை.

சட்டம் செய்ததும் செய்யாததும்

1927இல் தொடங்கிய முயற்சி, ஓமந்தூரார் அமைச்சரவைக் காலத்தில்தான் கரைசேர்ந்தது. பொட்டுக்கட்டுதல் எவ்வழக்கத்தின் பெயரால் நடந்தாலும் செல்லாது என்று சட்டம் அறிவித்தது. அவ்வாறு கட்டப்பட்ட பெண்ணும் முறைப்படி மணம் புரியலாம் என்றது. சடங்கை நடத்துவோர், அதில் பங்கேற்போர், துணைபோவோர் ஆகியோரோடு அதனை அனுமதிப்போருக்கும் ஆறு மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வகைசெய்தது. அனுமதிப்போர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெற்ற தாயும் தந்தையும் அச்சொல்லுக்குள் அடங்குவர்.

ஆனால் சட்டம் ஒரு கதவை அடைத்ததே தவிர, மறுகதவைத் திறக்கவில்லை. பொட்டுக்கட்டாது விடப்பட்ட சிறுமி எங்கே உண்பாள், எங்கே படிப்பாள், அவளை நம்பியிருந்த வீடு எதனால் பிழைக்கும் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. கலை வேறு மேடைகளுக்குச் சென்றது. கலையைக் காத்த பெண்கள் பலர் வறுமையில் மறைந்தனர். வழக்கமும் ஒரே நாளில் மாண்டுவிடவில்லை. கருநாடகம் 1982இலும் ஆந்திரம் 1988இலும் புதிய தடைச் சட்டங்களை இயற்ற வேண்டியிருந்தது. திருவள்ளூர்ப் பகுதியில் சிறுமியரை மாத்தம்மா என்று நேர்ந்துவிடும் வழக்கம் பற்றிய செய்திகள் குறித்து 2017இல் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக, ஆந்திர அரசுகளிடம் விளக்கம் கேட்டது.

மறுகதவைத் திறந்தது ஒரு வீடு. பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த சிறுமியர்க்கு நகரத்து விடுதிகள் இடம் மறுத்தபோது, முத்துலட்சுமி ரெட்டி தம் இல்லத்திலேயே அவர்களை ஏற்றார். 1930களின் தொடக்கத்தில் இவ்வாறு பிறந்ததே ஔவை இல்லம். சட்டம் வருவதற்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவ்வாசல் திறந்திருந்தது. அங்கே படிப்பும் தொழிலும் கற்பிக்கப்பட்டன. சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய உரைகளைவிட, அந்த இல்லத்தில் படித்துத் தம் காலில் நின்ற பெண்களே எதிர்ப்பாளருக்கு அவர் தந்த வலிமையான மறுமொழி.

தனியொருவரின் இரக்கத்தால் நடந்த பணி மெல்ல மெல்லப் பயிற்சி பெற்ற தொண்டாக வளர்ந்தது. 1936இல் மும்பையில் டாட்டா நிறுவனத்தாரின் சமூகப்பணிக் கல்விக்கூடமும், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியும் தோன்றின. 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூகநல வாரியம் அமைந்தது. அவரும் குழந்தை மணத்துக்கு ஆளாகி அதிலிருந்து மீண்டவரே. குடும்பத்தைச் சந்திப்பது, குழந்தையைத் தனியே பேசவிட்டுக் கேட்பது, தண்டனையோடு மறுவாழ்வையும் திட்டமிடுவது என்பன அன்று முதல் கற்பிக்கப்படும் கலைகளாயின.

மேலைநாடுகள் நமக்கு வெகுதூரம் முன்னே இருந்தன என்று எண்ண வேண்டாம். 1874இல் நியூயார்க் நகரில் மேரி எல்லன் என்ற சிறுமி வளர்ப்புத் தாயால் நாள்தோறும் அடிபடுவதை அறிந்த ஒரு சமூகத் தொண்டர், அவளை மீட்கத் தகுந்த அமைப்பு எதுவுமின்றி அலைந்தார். முடிவில் விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவரைத்தான் அணுக வேண்டியதாயிற்று. விலங்குகளுக்குச் சங்கம் இருந்தது, பிள்ளைகளுக்கு இல்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே அங்கே குழந்தைகளுக்கான சங்கம் பிறந்தது. பெற்றோரின் அடியால் ஏற்படும் காயங்களை மருத்துவர்கள் இனங்காண வேண்டும் என்று கெம்ப் என்ற மருத்துவரும் தோழர்களும் எழுதியது 1962இல்தான்.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வரலாற்றைப் பிற சமயத்தாரின் குறையாக எண்ணி ஆறுதல் கொள்ள நமக்கு உரிமையில்லை. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், நம் நாட்டுக் கிறிஸ்தவப் பெண்ணின் மணத்துக்கு 13 வயதையே எல்லையாகக் குறித்திருந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்போ 14 வயதைக் குறித்தது. நாமும் நம் பெண்மக்களைப் பிள்ளைப் பருவத்திலேயே மணவறைக்கு அனுப்பியவர்கள்தாம்.

அதனினும் கசப்பான உண்மையும் உண்டு. பல நாடுகளில் திருச்சபையின் நிறுவனங்களுக்குள்ளேயே, இறைப்பணியாளர் சிலராலேயே, குழந்தைகள் சீரழிக்கப்பட்டனர். நற்பெயர் கெடக் கூடாது என்று மேலிருந்தோர் மறைத்தனர். குடும்பம் தன் மானத்துக்காகப் பிள்ளையின் அழுகையை அடக்குவது போன்றே, திருச்சபையும் அடக்கியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் சிறார் பாதுகாப்புக்கென ஓர் ஆணையம் அமைத்ததும், அருள்பணியாளரும் துறவியரும் இத்தகைய புகார்களைத் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என 2019இல் ஆணையிட்டதும் அக்காயத்திலிருந்து பிறந்த மருந்துகள்.

நம் நாட்டின் நிலையை 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு காட்டியது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டறிந்த அவ்வாய்வின்படி, மூவரில் இருவர் அடி உதைக்கு ஆளானவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தொல்லையை அனுபவித்தவர்கள். தொல்லை தந்தோரில் பாதிப்பேர் குழந்தை அறிந்த, நம்பிய மனிதர்கள். பெரும்பாலான பிள்ளைகள் எவரிடமும் சொல்லவில்லை.

குடும்பத் துயரின் ஊற்றுகளில் மதுவை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. 2023 மே மாதம், ஓமந்தூருக்குத் தொலைவில் இல்லாத மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இறந்தோர் அறுபதுக்கும் மேல். அன்றைய செய்திகள் இறந்தவரை எண்ணின. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவ்வீடுகளில் இரவுதோறும் அஞ்சி ஒடுங்கிய பிள்ளைகளை எண்ணியவர் யார்? அடிக்கும் தந்தையும் பசிக்கும் தாயும் படிப்பை நிறுத்தும் மகனும் அவசர மணத்துக்குத் தள்ளப்படும் மகளும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணியை மட்டும் பிடித்துத் திருகுவதால் சங்கிலி அறாது.

நமக்குரிய கடமை

1947ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தவரைத் தண்டித்தது. 2012ஆம் ஆண்டு பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் மேலும் ஓர் அடி வைத்து, அறிந்தும் தெரிவிக்காதவரையும் குற்றவாளி என்கிறது. அதற்கும் தண்டனை ஆறு மாதம் வரை சிறையே. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தமக்குக் கீழ்ப்பட்டவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை ஆகலாம். பள்ளி, விடுதி, இல்லம் நடத்தும் பங்குகளும் சபைகளும் இதனை மனத்தில் இருத்த வேண்டும். ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரை தனித்தன்மை உடையது. அதனைக் காரணம் காட்டி, வரவேற்பறையிலும் அன்பியக் கூட்டத்திலும் காதில் விழுந்ததை மூடிவைத்தல் முறையன்று.

ஆகவே முதற்கடமை, குழந்தை சொல்வதைக் கேட்பது. பெரும்பாலும் அது நேராகச் சொல்லாது. பள்ளிக்குப் போக மறுக்கும், ஒரு குறிப்பிட்ட உறவினர் வந்தால் ஒளியும், காரணமின்றிச் சினக்கும். சிறு பிள்ளை பொய் சொல்கிறது என்று அதட்டுவதற்கு முன், அது எவ்வளவு அஞ்சியபின் இவ்வளவேனும் சொல்லத் துணிந்தது என்று எண்ணிப் பார்ப்போம்.

இரண்டாவது, வீட்டுக்குள் பேசித் தீர்த்துவிடலாம் என்னும் மயக்கத்தை விடுவது. ஊர்ப் பெரியவர்களும் பங்குப் பேரவையாரும் கூடிச் சமாதானம் செய்துவைப்பதற்குரிய வழக்குகள் உண்டு. குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமை அவற்றுள் ஒன்றன்று. 1996இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய 1098 என்னும் எண் இன்று அரசின் பொறுப்பில் இயங்குகிறது. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உள்ளது. இவற்றைப் பயன்படுத்துவது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

மூன்றாவது, புகார் செய்த பின்னும் அவ்வீட்டை விட்டு விலகாதிருப்பது. சம்பாதிப்பவர் சிறைக்குப் போனால் அடுப்பு எரிவது நிற்கும். தாய் பழிச்சொல்லுக்கு அஞ்சி வெளியே வர மாட்டாள். ஓமந்தூரார் காலத்துச் சட்டம் விட்டுச்சென்ற குறை இங்கேதான் இருந்தது. இறைமக்கள் சமூகம் நிரப்பத்தக்க குறையும் இதுவே. புனித வின்சென்ட் தே பவுல் சபை அரிசி கொண்டு போகலாம். பெண்கள் இயக்கம் துணைக்கு நிற்கலாம். பள்ளி அப்பிள்ளையின் படிப்பு தொடர வழிசெய்யலாம்.

இல்லங்கள் நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த ஓர் ஆதரவற்றோர் இல்லத்தைப் பற்றிக் கொடிய குற்றச்சாட்டுகள் எழுந்து, அங்கிருந்தோர் மீட்கப்பட்டதை அறிவோம். இரக்கம் என்ற பெயர்ப்பலகை மட்டும் எவரையும் காத்துவிடாது. பதிவும் கணக்கும் வெளியார் பார்வையும் இரக்கத்துக்கு இடையூறு அல்ல. அவையே அதன் வேலி.

சீடர்கள் தங்களுள் யார் பெரியவர் என்று வாதிட்டபோது, நம் ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார். ஓரத்தில் நின்றிருந்த பிள்ளை நடுவுக்கு வந்தது. 1947இல் ஒரு சட்டத்தின் வாயிலாக நம் மாகாணம் செய்ய முயன்றதும் அதுவே. ஔவை இல்லம் அதற்கு முன்பே செய்துவந்ததும் அதுவே. நம் பங்கின் குடும்பங்களில் இன்றிரவு அஞ்சியபடி உறங்கப்போகும் பிள்ளை ஒன்று இருக்குமானால், அது தட்டத்தக்க ஒரு கதவேனும் நம் ஊரில் திறந்திருக்கட்டும்.